வீடே அளவுகோலான ஊர்கள்

1967 டிசம்பர் 11ஆம் தேதி விடியற்காலை, நாலரை மணியாகச் சில நிமிடங்கள் இருந்தபோது, மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்குள் இருந்த ஒரு கருவி விழித்துக்கொண்டது. அணையின் உட்சுரங்க வழியொன்றில் ஈரமும் இருட்டும் மட்டுமே துணையாக அது காத்திருந்தது. எப்போதாவது வந்துபோன சிறு அதிர்வுகளைத் தவிர அதற்கு வேலை இருந்ததில்லை. சொல்லப்போனால் காத்திருப்பதுதான் அதன் வேலையின் பெரும்பகுதி. அன்று அடுத்த சில விநாடிகளில், அணையின் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று, மேலும் கீழுமாக ஒன்று என்று மூன்று நடுங்கும் கோடுகளை அது எழுதி முடித்தது. நீளவாக்கில் எழுதிய கோட்டின் உச்சம் 0.63 ஜி. ஜி என்பது கைநழுவிய பொருள் தரைநோக்கி விழும்போது அதன் வேகம் கூடிக்கொண்டே போகும் விகிதம், அதாவது முடுக்கம். அந்த விகிதத்தில் பாதிக்கு மேல், கீழ்நோக்கி அல்ல, பக்கவாட்டில், அணை தன் அடியோடு இழுத்து உலுக்கப்பட்டது என்பது அந்த எண்ணின் பொருள்.

103 மீட்டர் உயரமுள்ள அந்த அணையை வடிவமைத்தவர்கள் நிலநடுக்கத்துக்காக எடுத்துக்கொண்ட குணகம் 0.05. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பன்னிரண்டு மடங்கு என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. முன்னது ஒரு கணம் வந்து மறையும் உச்சம், பின்னது கட்டுமானத்தின் மேல் நிலையாகச் செலுத்திப் பார்க்கும் விசைக்கான கணக்கு. தவிரவும், தக்காணப் பாறை அசையாது என்று அன்றைய புவியியல் நம்பியது. வடிவமைத்தவர்கள் அந்த நம்பிக்கைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள். நீர்த்தேக்கத்தின் எடையும் பாறைப் பிளவுகளில் இறங்கும் தண்ணீரும் சேர்ந்து நிலநடுக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதை உலகம் பிற்பாடு பெருமளவுக்குக் கொய்னாவிடமிருந்தே கற்றுக்கொண்டது. அணையின் உயரமான பகுதிகளில் இருபுறமும் விரிசல் விட்டது. ஆனால் அது நின்றது. பிறகு பழுதுபார்த்து வலுப்படுத்தினார்கள். அதன் அடிவாரத்தில் இருந்த கொய்னா நகரில் கல்லும் மண்ணுமாகக் கட்டிய வீடுகள் நிற்கவில்லை. ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள்.

அந்த நகரின் வீடுகளில் இப்படிப்பட்ட கருவி எதுவும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அணைதான் மதிப்புள்ளது, அணைக்குள்தான் கருவி வைப்பார்கள். அரசு தன் உடைமை இருக்கும் இடத்தில்தான் அளவுகோலையும் வைக்கிறது. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கருவி இல்லாத இடத்திலும் நிலநடுக்கம் அளக்கப்படாமல் போவதில்லை. வேறு பொருளால் அளக்கப்படுகிறது. நம் நாட்டு ஆய்வாளர்கள் வெகுகாலம் கையாண்ட எம்.எஸ்.கே. என்னும் தீவிர அளவீட்டு முறையில் கட்டடங்களுக்கு வகை உண்டு. மண்சுவரும் கற்சுவருமான நாட்டுப்புற வீடு ஏ வகை, சாதாரணச் செங்கல் கட்டடம் பி வகை, கம்பி கட்டிய கான்கிரீட் சி வகை. எந்த வகையில் எத்தனை எந்த அளவுக்குச் சிதைந்தன என்று எண்ணி, அதிலிருந்து அந்த ஊரில் நிலம் எவ்வளவு ஆடியிருக்கும் என்று பின்னோக்கிக் கணிப்பார்கள். சொற்களுக்குக்கூட அளவு வகுத்திருக்கிறார்கள். ‘சில’ என்றால் நூற்றுக்கு ஐந்து, ‘பல’ என்றால் ஐம்பது, ‘பெரும்பாலான’ என்றால் எழுபத்தைந்து. நேர்மையான முறைதான், வேறு வழியும் இல்லை. ஆனாலும், ஒரு குடியானவன் தன் கையால் எழுப்பிய சுவர் தன் இறுதிக் கணத்தில் ஓர் அளவைக் கருவியாகப் பணியாற்றிவிட்டுப் போகிறது என்பதை இந்த அட்டவணைகளைப் படிக்கும்போது மறக்க முடிவதில்லை.

இந்தக் கணிப்பு புதியதுமல்ல. 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை இந்தியப் புவியியல் அளவைத் துறையின் ஓல்டம் ஆராய்ந்தபோது, தம் குழியின் விளிம்பைக்கூடத் தொடாமல் மேலே எறியப்பட்டு வெளியே விழுந்து கிடந்த பாறைகளைப் பார்த்தார். அவற்றைத் தூக்கி எறிந்த விசை புவியீர்ப்பை விஞ்சியதாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். கல்லைச் சாட்சியாக்கி வாக்குமூலம் வாங்கிய ஒரு மனிதரின் கூர்மை அதில் தெரிகிறது. ஆனால் கல் உச்சத்தை மட்டும்தான் சொல்லும். எத்தனை விநாடி, எந்தத் தாளத்தில், எந்தத் திசையில் என்று சொல்லாது. ஒரு கட்டடம் விழுமா நிற்குமா என்பதோ பெரிதும் அந்தத் தாளத்தைச் சார்ந்தது. ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால் சிறு கையே போதும். இசையாமல் தள்ளினால் முரட்டுக் கையும் வீண்.

நிலநடுக்கத்தைப் பதியத்தான் நிலநடுக்கமானி இருக்கிறதே என்று தோன்றலாம். அது நெடுந்தொலைவைக் கேட்கும் காது. உலகின் மறுபக்கத்தில் நடக்கும் நடுக்கத்தையும் கேட்கும். வீட்டு வாசலில் இடி விழும்போது செவிடாகிவிடும். அருகில் பெரிய நடுக்கம் வந்தால் அதன் முள் தாளின் எல்லையைத் தாண்டிப் போய்விடும், பிறகு பதிவென்று ஒன்றும் இராது. எந்த இடத்தில் அளவு மிகவும் தேவையோ அந்த இடத்தில் அளவு கிடைக்காது. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் டோக்கியோவின் நிலநடுக்க ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் கியோஜி சுயெஹிரோ, கப்பல் கட்டும் கலை பயின்றவர். அலையில் ஆடும் கலத்தை அறிந்தவருக்கு நிலத்தில் ஆடும் வீடு விளங்கியதில் வியப்பில்லை. மற்றவர் அமெரிக்காவின் ஜான் ஃப்ரீமன், நீரியல் பொறியாளர், தீக்காப்பீட்டு நிறுவனங்களை நடத்தியவர். நட்ட ஈடு கொடுக்கும் தொழிலில் இருந்தவருக்கு, எவ்வளவு ஆடியது என்று தெரியாமல் எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி இயல்பாக எழுந்திருக்கும். ஃப்ரீமனின் அழைப்பில் சுயெஹிரோ 1931இல் அமெரிக்கா சென்று உரையாற்றினார். 1932இல் அந்நாட்டின் கடற்கரை மற்றும் நில அளவைத் துறை, வலுவான அசைவைத் தாங்கிப் பதியும் முடுக்கப் பதிவுக் கருவிகளைக் கலிபோர்னியாவில் நிறுவத் தொடங்கியது. 1933 மார்ச் 10 மாலை லாங் பீச் நிலநடுக்கம் வந்தது, வரலாற்றில் முதன்முறையாக வலுவான நிலஅசைவு பதிவானது. இருவரும் அதைப் பார்க்கவில்லை. இருவரும் 1932லேயே மறைந்துவிட்டார்கள்.

லாங் பீச்சில் பள்ளிக்கூடங்கள் பல நொறுங்கின. நேரம் மாலை ஆறு மணிக்குச் சற்று முன் என்பதால் வகுப்பறைகளில் குழந்தைகள் இல்லை. ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான கடுமையான சட்டம் ஒன்று கலிபோர்னியாவில் நிறைவேறியது. இறந்திருக்கக்கூடிய குழந்தைகளுக்காக ஒரு சமூகம் இவ்வளவு விரைந்து சட்டம் செய்தது அரிய செய்தி. இறந்துபோன குழந்தைகளுக்காக இவ்வளவு விரைந்ததில்லை என்று சொல்லக்கூடிய நாடுகள் பல.

1940 மே 18 இரவு, கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோ ஊரில் ஒரு மின் துணைநிலையத்துக்குள் இருந்த கருவி இன்னொரு பதிவை எழுதியது. உச்சம் ஜியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் ஒன்பது பேர். கட்டுமானப் பொறியியலில் மேற்படிப்புக்குப் போனவர்கள் யாரும் அந்த ஊர்ப் பெயரை அறியாமல் தேர்வு எழுதியிருக்க மாட்டார்கள். பல பத்தாண்டுகளாக, உலகின் எந்த மூலையில் எந்தக் கட்டடத்தைக் கணக்கில் ஆட்டிப் பார்த்தாலும், அது பெரும்பாலும் எல் சென்ட்ரோவின் அந்த ஆட்டத்தையே ஆடியது. இதற்குச் சில ஆண்டுகளே முன்பு, 1934 ஜனவரி 15இல் பீகாரிலும் நேபாளத்திலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். 1935 மே 31இல் குவெட்டா நகரமே மண்மேடானது. இரண்டிலிருந்தும் ஒரு முடுக்கக் கோடுகூட மிஞ்சவில்லை. கணக்கின் உலகில் இடம்பெற இறந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு கருவியும் இருந்திருக்க வேண்டும்.

பழைய கருவிகளின் இயல்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவை எப்போதும் விழித்திருப்பவை அல்ல. எந்நேரமும் ஓடவிட்டால், கோட்டைப் பதியும் படச்சுருள் தீர்ந்துபோகும். ஆகவே நிலம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் குலுங்கினால்தான் ஓடத் தொடங்கும்படி அமைத்திருந்தார்கள். விளைவு, ஒவ்வொரு நிலநடுக்கத்தின் முதல் கணங்களும் பதிவில் இருக்காது. எழுப்பிய அதிர்வே ஏட்டில் ஏறாது. குலுங்கிய பிறகு விழித்துக்கொள்வது கருவிகளிடம் மட்டும் காணப்படும் பழக்கம் அல்ல என்பதால் இதைப் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. இன்றைய எண்முறைக் கருவிகள் எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருந்து, கடந்த சில விநாடிகளை நினைவில் வைத்திருந்து, நடுக்கம் வந்ததும் அந்த முன்கணங்களையும் சேர்த்தே எழுதுகின்றன. ஆனால் பழையதாயினும் புதியதாயினும், பேட்டரி செத்துப்போன கருவி எழுதாது. இருபது முப்பது ஆண்டுகள் ஒன்றுமே நடக்காத ஒரு மலைக்கிராமத்தின் சிறு அறைக்கு, ஆண்டுக்குச் சில முறை ஆள் போய்ப் பேட்டரியைப் பார்த்து, எறும்புப் புற்றைத் தட்டி, கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு வர வேண்டும். அந்தப் பயணப்படியில் கையெழுத்திடும் அதிகாரியிடம் காட்டுவதற்கு, அத்தனை ஆண்டும் ஒரு பலனும் இராது.

பதிவு கிடைத்தபின் தொடங்குகிறது இன்னொரு வேலை, பதப்படுத்துவது. அக்காலத்துக் கருவிகளில் படச்சுருள் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் ஓடும். ஒரு நகரத்தின் ஊழிக்காலம் முழுவதும் ஒரு முழ நீளத்துக்குள் அடங்கிவிடும். அதை உருப்பெருக்கி வைத்து, கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக நகர்ந்து, எண்களாக மாற்றினார்கள். கோட்டுக்குத் தடிமன் உண்டு, படச்சுருள் நெளியும், ஆளின் கை நடுங்கும். இவையெல்லாம் எண்ணுக்குள் வந்து சேரும். முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம் கிடைக்கும், மறுபடி தொகையிட்டால் நிலம் நகர்ந்த தூரம் கிடைக்கும். சிக்கல் இங்கேதான். ஜியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான் பிழை, ஆனால் அது மாறாமல் தொடர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது விநாடி முடிவில் அந்தப் பிழை மட்டுமே நிலத்தைப் பதினேழு மீட்டருக்கு மேல் நகர்த்திவிடும். நடுக்கம் நின்ற பிறகும் ஊர் போய்க்கொண்டே இருப்பதாகக் கணக்குச் சொல்லும். ஆகவே ஆய்வாளர் அடிக்கோட்டைத் திருத்துகிறார். மிக மெதுவான அலைவுகளையும் மிக விரைவான அலைவுகளையும் வடிகட்டி நீக்குகிறார். நீக்கும் எல்லையை எங்கே வைப்பது என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை; எது நிலத்தின் குரல், எது கருவியின் இரைச்சல் என்று ஒரு மனிதர் தீர்மானிக்கிறார்.

இதில் ஏமாற்ற எவ்வளவு வாய்ப்பிருக்கிறது என்று நினைத்தால் திகைப்பாக இருக்கிறது. ஏமாற்றாமல் இருக்க அந்தத் துறையினர் கண்ட வழி அதைவிட வியப்பு. கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனத்தினர் 1969க்குப் பிறகு அதுவரை சேர்ந்திருந்த பதிவுகளையெல்லாம் எண்ணாக்கித் தொகுதிகளாக வெளியிட்டபோது, முதலில் திருத்தாத பதிவுகளைத் தனியாக அச்சிட்டார்கள், திருத்தியதை வேறு தொகுதியில் அச்சிட்டார்கள். நான் இதை நீக்கியிருக்கிறேன், நீக்குவதற்கு முன் இப்படி இருந்தது, என் முடிவு தவறென்று தோன்றினால் நீ மறுபடி செய்துபார் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள். யாரும் இதை அறநெறி என்று சொல்லிக்கொள்ளவில்லை. வேலையைச் செய்யும் முறை என்றுதான் சொன்னார்கள். நம் விசாரணைக் கமிஷன்களின் அறிக்கைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, திருத்தாத பகுதிக்குத் தனித் தொகுதி என்பது கொஞ்சம் கூச்சத்தைத் தருகிறது.

திருத்தம் சில வேளை உண்மையையும் சேர்த்து நீக்கிவிடும் என்பதையும் அந்தத் துறையினரே கண்டார்கள். 1999 செப்டம்பர் 21இல் தைவானின் சி-சி நிலநடுக்கம் வந்தபோது, அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்த நாடு பொறுமையாக நட்டு வைத்திருந்த கருவிகளில் நானூறுக்கும் மேற்பட்டவை பதிவு செய்தன. பிளவின் விளிம்பில் நிலம் உண்மையிலேயே பல மீட்டர் நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது, திரும்பி வரவில்லை. வழக்கமான வடிகட்டியோ நிலம் ஆடி முடித்துப் பழைய இடத்துக்கே வந்துவிட்டதாகக் காட்டும். இரைச்சலென்று விலக்கியதில் ஓர் ஊர் இடம்பெயர்ந்த செய்தி இருந்தது.

எண் கையில் கிடைத்தாலும் அதை ஏற்பது இன்னொரு பாடு. 1971 பிப்ரவரி 9இல் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தின்போது பகோய்மா அணைக்கு மேலே ஒரு பாறை முகட்டில் இருந்த கருவி 1.25 ஜி என்று எழுதியது. அரை ஜியே ஏறத்தாழ உச்சம் என்று பழகியிருந்தவர்கள் காரணம் தேடினார்கள். முகடு பெருக்கியிருக்கும், பாறை விரிந்திருக்கும், கருவி சாய்ந்திருக்கும் என்றார்கள். சிலவற்றில் உண்மையும் இருந்தது. ஆனால் கருவிகள் பெருகப் பெருக அத்தகைய எண்களும் பெருகின. 1995 ஜனவரி 17 கோபே அழிவுக்குப் பின் ஜப்பான் ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் நாடெங்கும் ஆயிரம் கருவிகளை நிறுவி, பதிவுகளை உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. 2008இல் இவாத்தே பகுதியில் ஒரு கருவி 4 ஜி பதிந்தபோது, நிலம் இப்படியும் ஆடும் போலிருக்கிறது என்று ஏற்கத்தான் வேண்டியிருந்தது.

2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை எட்டே முக்கால். கட்ச் நிலநடுக்கத்தின் மையத்துக்கு அருகே அந்த அசைவை முழுமையாக எழுதிவைக்க ஒரு முடுக்கப் பதிவுக் கருவியும் இல்லை. பூஜ், பச்சாவ், அஞ்சார் ஊர்களில் நிலம் எப்படி ஆடியது என்பதை எம்.எஸ்.கே. அட்டவணையின் ஏ வகை வீடுகளும், அஞ்சாரின் குறுகிய தெருவில் கொடியோடு ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகளும்தான் அளந்து சொல்ல வேண்டியிருந்தது. முழுப் பதிவு கிடைத்தது ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தள்ளி, அகமதாபாத்தில். பாஸ்போர்ட் அலுவலக ஊழியர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ரூர்க்கி பல்கலைக்கழகத்தார் வைத்திருந்த கருவி அதை எழுதியது. தரைத்தளத்தில் உச்சம் ஏறத்தாழ 0.11 ஜி.

அந்தச் சிறிய எண்ணைத்தான் நாம் நின்று படிக்க வேண்டும். அது பேரழிவின் எண் அல்ல. ஒழுங்காகக் கட்டிய கட்டடம் தாங்கக்கூடியது. கருவி இருந்த குடியிருப்பே நின்றது. ஆனால் அகமதாபாத்தில் ஏறத்தாழ 750 பேர் இறந்தார்கள், பல அடுக்ககங்கள் மடிந்து விழுந்தன. விழுந்தவற்றில் பலவற்றுக்குக் கீழ்த்தளத்தில் சுவர் இல்லை, வண்டி நிறுத்துவதற்காகத் தூண்களை மட்டும் விட்டிருந்தார்கள். மேலே நான்கைந்து மாடிகள் செங்கல் சுவர்களோடு விறைத்து நிற்க, ஆட்டம் முழுவதும் கீழே அந்த மெல்லிய தூண்களில் வந்து சேர்ந்தது. கருவி இல்லாதிருந்தால் பழி முழுவதும் இயற்கையின் மேல் போயிருக்கும். 0.11 என்று எழுதியிருந்ததால் அப்படிச் சொல்லத் தயக்கம் வந்தது.

கருவி போதாததுதான் நம் குறை என்று நினைத்து ஆறுதல் அடையவும் வழியில்லை. 2023 பிப்ரவரி 6இல் துருக்கியில் கருவிகள் நிறைய இருந்தன, நன்றாக எழுதின, பதிவுகள் உடனே வெளியாயின. நல்ல கட்டட விதியும் 2018லேயே எழுதப்பட்டிருந்தது. அதே 2018இல், விதிமீறிக் கட்டியவற்றுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமன்னிப்பும் வழங்கியிருந்தார்கள். வரன்முறைப்படுத்துதல் என்ற சொல்லை அறிந்த நமக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த நாட்டில் இறந்தார்கள். உலகின் மிகச் சிறந்த நிலஅசைவுப் பதிவுகளில் சில அங்கிருந்து கிடைத்தன.

கொய்னாவின் பதிவும் மறைந்துபோகவில்லை. கான்கிரீட் அணையில் விரிசல் எப்படி ஓடும் என்று கணிக்கும் மென்பொருள்களுக்கு அது நிலையான பயிற்சிக் கணக்கு. ஒவ்வொரு பருவமும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு மாணவன் அந்த விடியற்காலையின் பத்து விநாடிகளைக் கணினியில் ஏற்றி, கொய்னா அணையை விரிசல்விடச் செய்து, படம் எடுத்து, மதிப்பெண் பெறுகிறான். கல்வீடுகள் அந்தக் கணக்கில் இல்லை; அவற்றுக்குக் கருவி இல்லை அல்லவா.

2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் நிகழ்ந்த நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. மறு ஆண்டு கட்டடங்களின் நிலநடுக்கக் காப்புக்கான இந்தியத் தரநிலை திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அப்போது அகமதாபாத்தும் மூன்றாம் மண்டலம்தான். நாங்கள் குடியிருக்கும் அடுக்ககம் அந்தத் திருத்தத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்பு கட்டியது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தூண்களைப் பற்றி ஒருமுறை கேட்டேன். வண்ணம் பூசுவது மார்கழிக்குப் பிறகு என்று முடிவாகியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். கீழ்த்தளத்தில் சுவர் என்று எதுவும் இல்லை. பன்னிரண்டு தூண்கள், பதினோரு கார்கள்.